ரத்தத்தில் வந்தது எது?

(பொதுக்கூட்டமொன்றில் நாம் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "பிறவியும் வித்தையும்" என்பதாகும். இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுவதென்றால் மனுதர்மத்தையும் புராணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுவதுதான் நம் கூட்டங்களில் வழக்கம். அதைப் பல தடவை செய்தாகிவிட்டது. நீங்களும் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பீர்கள். ஆகையால் இன்று வேறு வழியில் போகலாமென்று நினைக்கிறோம். அமெரிக்கா தேசத்தில் பேர்போன பாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பிள்ளையும் பாட்டுக்காரராகிப் பேர் வாங்கினார். இவ்விருவர் சரித்திரத்தையும் சொல்லி, தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு எது வந்தது, எந்த வழியாக வந்தது என்று உங்களையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லப் போகிறோம்.

பாட்டுக்காரரை ஏன் எடுத்துக்கொண்டோமென்றால், நம் எதிரிகள் எப்போதும் சங்கீதத்தைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். தச்சு வேலை, தையல் வேலையைக் காட்டி ஜாதியை நியாயப்படுத்த அவர்களுக்கே இப்போது கூச்சமாயிருக்கிறது. ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால், "அதெல்லாம் ரத்தத்தில் ஊறியது, பரம்பரையில் வருவது, மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டுமா?" என்று தைரியமாகக் கேட்கிறார்கள். கேட்கிறவர்களும் தலையை ஆட்டுகிறார்கள். பாட்டுக்கு ஒப்புக்கொண்ட தலை, பிறகு படிப்புக்கும் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிடுகிறது; உத்தியோகத்துக்கும் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிடுகிறது. 1953ஆம் வருஷத்தில் ராஜாஜி அவர்கள் முதன்மந்திரியாயிருந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று திட்டம் போட்டதும் இந்த நினைப்பின் பலத்தில்தான். அந்தக் குலக்கல்வித் திட்டத்தைப் பெரியார் அவர்கள் எதிர்த்துக் கிளர்ச்சி செய்து, 1954ல் காமராஜர் அவர்கள் வந்து, திட்டம் ஒழிந்தது. திட்டம் ஒழிந்ததே தவிர நினைப்பு ஒழிந்ததா என்பதுதான் கேள்வி.

தகப்பனார் கதை

நாம் சொல்ல வந்த பாட்டுக்காரர் பெயர் உட்டி கத்ரி. 1912ஆம் வருஷம் ஜூலை 14ந் தேதி ஓக்லஹோமா மாகாணத்தில் ஓகீமா என்ற சிறிய ஊரில் பிறந்தார். தாயார் வீட்டில் பழைய கதைப்பாட்டுகள் பாடுவதுண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் வாத்தியம் யாரிடம் பழகினார் தெரியுமா? பாதரட்சைக்குச் சாயம் போடுகிற ஒரு நீக்ரோப் பையன் மௌத் ஆர்கன் ஊதிக்கொண்டிருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, தானும் ஒன்று வாங்கி ஊத ஆரம்பித்தார். பள்ளிக்கூடப் படிப்பையும் அவர் முடிக்கவில்லை. எந்தப் பரம்பரை? எந்தக் கோத்திரம்? எந்த குருகுலம்?

அந்த ஊரின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறோம். உட்டி பிறப்பதற்கு ஒரு வருஷத்துக்கு முன், 1911ல், அவ்வூர்ப் பக்கத்து ஆற்றுப் பாலத்தில் ஒரு நீக்ரோத் தாயையும் அவள் மகனையும் வெள்ளைக்காரக் கும்பல் தூக்கில் தொங்கவிட்டது. அதைப் படம் பிடித்துத் தபால் அட்டையாக விற்றார்கள். அப்பேர்ப்பட்ட வெள்ளைத் திமிர்க் கூட்டத்தோடு தன் தகப்பனாருக்குச் சம்பந்தமிருந்ததாக உட்டியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ரத்தத்தில் புத்தியும் வருமென்றால் உட்டியும் அந்தக் கும்பலில் ஒருவராகத்தானே போயிருக்க வேண்டும்? வாலிபத்தில் அந்த வாடை அவரிடம் கொஞ்சம் இருந்தது வாஸ்தவம்தான். 1937ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ரேடியோவில் பாடும்போது நீக்ரோக்களை இழிவுபடுத்தும் வார்த்தையொன்றைச் சொன்னார். அதைக் கேட்ட ஒரு நீக்ரோ வாலிபர், "உம்மைப் போன்றவர் இப்படிப் பேசலாமா?" என்ற கருத்தில் கடிதம் எழுதினார். உட்டி என்ன செய்தார்? அந்தக் கடிதத்தை ரேடியோவிலேயே படித்துக் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்த வார்த்தை உள்ள பாட்டுகளையே தள்ளிவிட்டார். பிறகு அந்தத் தாய்க்கும் மகனுக்கும் நேர்ந்த கொடுமையைப் பற்றியே பாட்டுகள் எழுதினார். ஒரு கடிதத்தில் மாறுகிற புத்தி ரத்தத்தில் இருக்க முடியுமா, தோழர்களே?

1930க்கு மேல் மழை பொய்த்து, மண்புயல் அடித்து, லட்சக்கணக்கான குடியானவர்கள் நிலத்தை விட்டுக் கலிபோர்னியாவுக்குப் பஞ்சம் பிழைக்கப் போனார்கள். அவர்களோடு அவர்களாக அலைந்து, அவர்கள் பாட்டையே பாட்டாக எழுதினார். 1940ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் நியூயார்க்கில், "தேசத்தைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும்" என்கிற கருத்தில் எங்கும் பாடப்பட்ட ஒரு பாட்டைக் கேட்டு எரிச்சல்பட்டு, அதற்குப் பதிலாக "இந்த பூமி உன்னுடையதும் என்னுடையதும்" என்னும் கருத்தில் ஒரு பாட்டு எழுதினார். 1941ல் கொலம்பியா நதி மின்சார அணைக்காக ஒரே மாதத்தில் 26 பாட்டுகள் எழுதிக் கொடுத்தார். தன் கிடார் வாத்தியத்தின் மேல், பாசிஸ்டுகளைக் கொல்லும் யந்திரம் இது என்று எழுதி வைத்துக்கொண்டிருந்தார்.

உண்மையில் ரத்தத்தில் வந்தது

இப்போது ஒரு பெரிய விஷயத்துக்கு வருகிறோம். உட்டியின் தாயாருக்கு நடுவயதில் கைகால்கள் தானாக ஆட ஆரம்பித்தன. புத்தி தடுமாறிற்று. ஊரார் பைத்தியம் என்றார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு 1930ல் இறந்துபோனார். உட்டிக்கும் நாற்பது வயதுக்குள் அதே கோளாறு கண்டது. குடிவெறி என்றார்கள், மனோவியாதி என்றார்கள். 1952ல்தான் டாக்டர்கள் இன்னதென்று கண்டுபிடித்தார்கள். அது ஹண்டிங்டன் நோய். 1872லேயே ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற இளம் டாக்டர் அதை விவரித்து எழுதியிருந்ததால் அந்தப் பெயர். உட்டி பதினைந்து வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அவஸ்தைப்பட்டு, கிடாரைப் பிடிக்க முடியாமல், பேச முடியாமல், 1967ஆம் வருஷம் அக்டோபர் 3ந் தேதி 55ஆவது வயதில் இறந்தார்.

இந்த நோய், தோழர்களே, வாஸ்தவமாகவே பரம்பரையில் வருவது. தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி அபாயம். காசைச் சுண்டிப் போட்டால் பூவோ தலையோ விழுவது போல. நல்லவன், கெட்டவன் என்று அது பார்ப்பதில்லை. ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. உட்டியின் முதல் மனைவி வயிற்றுப் பெண்கள் இருவரும் இதே நோயில், இருவருமே 41ஆவது வயதில், இறந்துபோனார்கள்.

ஆகவே பிறவியில் ஒன்றுமே வராது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நாமும் பகுத்தறிவுக்கு விரோதமாகப் பேசினவர்களாவோம். வருவது வரத்தான் செய்யும். ஆனால் எது வருகிறது, எப்படி வருகிறது என்று சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் என்ன செய்கிறோம்? வராததை வருமென்கிறோம், வந்ததை முன்ஜென்மப் பாபம் என்கிறோம், குலதெய்வத்தின் சாபம் என்கிறோம். ஒரு வீட்டில் தாய்க்குக் கை ஆடி, மகளுக்கும் ஆடினால், "அந்த வீட்டில் பெண் எடுக்காதே, சாபம் பிடித்த வீடு" என்கிறோம். பூசாரிக்குப் பணம் கொடுத்து வேப்பிலை அடிக்கிறோம். நோயாளி படுகிற வேதனை போதாதென்று பாவி என்ற பட்டத்தையும் அவள் தலையில் கட்டுகிறோம்.

உட்டியின் மனைவி மார்ஜோரி என்கிற அம்மாள் என்ன செய்தார் பாருங்கள். அவர் ஒரு நாட்டியக்காரி. டாக்டர் படிப்பு படித்தவரல்ல. சட்டப்படி உட்டியை விட்டுப் பிரிந்த பிறகும் கடைசி மட்டும் அவரைக் கவனித்து வந்தார். அவர் இறந்த 1967லேயே அந்த நோயை ஒழிக்க ஒரு கமிட்டி ஏற்படுத்தினார். நோயுள்ள குடும்பங்களைத் தேடிப் பிடித்து ஒன்று சேர்த்தார். சர்க்கார் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். வெனிஜுலா தேசத்தில் மரகைபோ ஏரிக்கரையில் இந்த நோய் மிகுந்திருந்த குடும்பங்களை விஞ்ஞானிகள் வருஷக் கணக்காகப் பரிசோதித்தார்கள். 1983 மார்ச்சில் அந்த அம்மாள் இறந்துபோனார். அந்த வருஷக் கடைசியில், நோயின் காரணம் நாலாவது குரோமோசோமில் இருக்கிறதென்று கண்டுபிடிப்பு வெளியாயிற்று. 1993ல் அந்த ஜீனையே கண்டுபிடித்துவிட்டார்கள். நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் ரத்தத்தைச் சோதித்து, இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். சாபம் என்று உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

பிள்ளையின் கதை

மார்ஜோரி அம்மாளுக்கும் உட்டிக்கும் 1947ஆம் வருஷம் ஜூலை 10ந் தேதி நியூயார்க்கில் கோனித் தீவு என்ற பகுதியில் பிறந்த பிள்ளைதான் ஆர்லோ கத்ரி. தாய் நாட்டியக்காரி, தாயின் தாய் யூத பாஷையில் கவி எழுதுகிறவர், வீட்டுக்கு வந்துபோகிறவர்களெல்லாம் பாட்டுக்காரர்கள். சிறு பிராயத்திலேயே கையில் கிடார் கொடுக்கப்பட்டது. தகப்பனாரின் அந்தப் பேர்போன பாட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடியபோது அதில் சில அடிகள் விடப்பட்டிருந்தன. தனியார் நிலம் என்று பலகை நட்டு வழி மறிப்பதையும், நிவாரண ஆபீசு வாசலில் ஜனங்கள் பசியோடு நிற்பதையும் பற்றிய அடிகள் அவை. அவை மறந்துபோகக் கூடாதென்று தகப்பனார் தனக்கு வீட்டுக் கொல்லையில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார் என்று ஆர்லோ சொல்லியிருக்கிறார். கவனியுங்கள், தோழர்களே! உட்டியின் சொந்தப் பிள்ளைக்கே உட்டியின் பாட்டு தானாக வந்துவிடவில்லை. உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

இதைவிட விசேஷம் ஒன்றுண்டு. ஆர்லோவுக்குப் பாட்டுப் பழகும் வயது வந்தபோது தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கைகளும் ஓயாமல் ஆடின, வாயும் ஒத்துழைக்கவில்லை. பிறகு உட்டியின் பாட்டுகளையும், பாடும் முறையையும் ஆர்லோ யாரிடம் கற்றார்? ஜாக் எலியட் என்பவரிடம். இந்த ஜாக் எலியட் யார்? புரூக்ளினில் ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளை. உட்டியோடு கூடவே சுற்றித் திரிந்து, அவர் பாடுவதைப் போலவே பாடப் பழகினவர். அவரிடமிருந்துதான் தன் தகப்பனாரின் வித்தையைத் தான் கற்றுக்கொண்டதாக ஆர்லோவே ஒப்புக்கொள்கிறார். ஆகவே தகப்பன் வித்தை பிள்ளைக்கு வந்து சேர்ந்த வழி ரத்தமல்ல. சம்பந்தமில்லாத ஒருவரிடம் போய், அங்கிருந்து திரும்பிவந்து பிள்ளையைச் சேர்ந்தது.

இன்னொருவரும் இருக்கிறார். 1961ல் மினசோட்டா மாகாணத்திலிருந்து ஒரு வாலிபன், வீட்டுச் சாமான் கடைக்காரர் மகன், உட்டியைப் பார்ப்பதற்கென்றே வந்து ஆஸ்பத்திரியில் அவர் முன் அவர் பாட்டுகளையே பாடிக் காட்டினான். அவன்தான் பாப் டிலான். பின்னால் 2016ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசே வாங்கினார். உட்டியின் வாரிசு யாரென்று அமெரிக்காவில் கேட்டால் பாதிப் பேர் அந்தக் கடைக்காரர் மகனைத்தான் சொல்லுவார்கள். எந்தச் சாஸ்திரப்படி இது?

குப்பையும் பட்டாளமும்

ஆர்லோ எதனால் பேர் வாங்கினார்? தகப்பனார் பாட்டைத் திருப்பிப் பாடியல்ல. 1965ஆம் வருஷம் நவம்பரில், பதினெட்டு வயதில், மாசசூசெட்ஸ் மாகாணத்தில் கிரேட் பாரிங்டன் என்ற ஊரில் நண்பர் வீட்டுப் பண்டிகைக்குப் போனார். அந்த வீடு ஒரு பழைய மாதா கோவில். அங்கே சேர்ந்திருந்த குப்பையை எடுத்துக்கொண்டு போனால், பண்டிகை நாளாகையால் குப்பைமேடு பூட்டியிருந்தது. ஒரு சரிவில் கொட்டிவிட்டு வந்தார்கள். போலீஸ் பிடித்து, தலைக்கு 25 டாலர் அபராதம் போட்டு, குப்பையையும் வாரச் சொன்னார்கள். அவ்வளவுதான் சம்பவம். இதை வைத்துக்கொண்டு 18 நிமிஷத்துக்கு மேல் ஓடும் ஒரு கதைப்பாட்டு செய்தார். வியட்நாம் யுத்தத்துக்கு வாலிபர்களைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. குப்பை கொட்டித் தண்டனை பெற்ற ஒருவன், ஊர்களைக் கொளுத்தி ஜனங்களைக் கொல்லுவதற்குப் போதிய யோக்கியனா என்று பட்டாளத்து ஆபீசில் விசாரிக்கிறார்கள் என்று பரிகாசம் செய்தார். 1967ல் நியூபோர்ட் சங்கீத விழாவில் அதைப் பாடினார். ஒரே நாளில் தேசமறிந்தவரானார். 1969ல் ஆர்தர் பென் என்பவர் அதைச் சினிமாவாக எடுத்தார். ஆர்லோ தானாகவே அதில் நடித்தார். அதே வருஷம் உட்ஸ்டாக்கிலும் பாடினார்.

1972ல் விற்பனையில் அவருக்குப் பெரும் பேர் கொடுத்த ரயில் பாட்டு அவரும் எழுதினதல்ல, அவர் தகப்பனாரும் எழுதினதல்ல; சிக்காகோவைச் சேர்ந்த ஸ்டீவ் குட்மன் எழுதியது. பீட் சீகர் என்ற பெரியவரோடு சேர்ந்து பல வருஷம் மேடையேறினார். 1983ல் சொந்தத்தில் ரிக்கார்டு கம்பெனி வைத்துக்கொண்டார். 2020ல் உடம்பு நோவினால் ஊர் ஊராகப் பாடும் தொழிலிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் உழைப்பு, தோழர்களே! பிறந்ததற்காக யாரும் ஐம்பது வருஷம் கைதட்ட மாட்டார்கள்.

கருத்தும் ரத்தத்தில் வருவதில்லை என்பதற்கும் இவரே சாட்சி. தகப்பனார் கம்யூனிஸ்டுப் பத்திரிகைக்கு எழுதினவர். பிள்ளை ஒரு காலத்தில் வலதுசாரியான ரிபப்ளிகன் கட்சியில் பெயரைப் பதிந்துகொண்டவர். மத விஷயத்திலோ, கத்தோலிக்க மதத்தில் புகுந்தார். பிறகு காஷாயச் சாயம் பூசிக்கொண்ட ஒரு அமெரிக்க அம்மையாரைக் குருவென்று கொண்டாடினார். இதில் நமக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. பாட்டு நன்றாயிருப்பதால் பக்தியும் நன்றாயிருக்குமென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குப்பைக் கதை பிறந்த அந்தப் பழைய மாதா கோவிலை அவரே பின்னாளில் வாங்கினார். அங்கே ஏழைகளுக்கு இலவசச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். ஹண்டிங்டன் நோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க, அந்தக் குப்பை போன வழியாகவே ஜனங்கள் நடைபயணம் போகிறார்கள். கோவிலைச் சோற்றுக்கும் மருந்துக்கும் உபயோகப்படுத்தினால் நமக்கு அந்தக் கோவிலோடு சண்டையில்லை.

நம் கணக்கு

"ஏனய்யா, கத்ரி மகன் என்ற பேர் இல்லாவிட்டால் அவனுக்கு இவ்வளவு சீக்கிரம் மேடை கிடைத்திருக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கிடைத்திருக்காது என்றே நாமும் நினைக்கிறோம். ஆனால் அது ரத்தத்தின் வேலையா, பேரின் வேலையா? பேர் என்பது ஜனங்கள் கொடுக்கும் சலுகை. வீட்டில் வாத்தியம் இருந்தது, கற்றவர்கள் வந்துபோனார்கள், நேரம் இருந்தது, பேர் கதவைத் திறந்தது. இந்த நாலையும் சேர்த்துத்தான் நம் நாட்டில் "பரம்பரை" என்று பேர் வைத்து, ஜாதிக்கு உரிமையாக்கி, மற்றவன் வாசலில் நிற்கும்படி செய்துவிட்டார்கள். குரலின் வாகிலும் காதின் கூர்மையிலும் பிறவியில் கொஞ்சம் வருமென்றே வைத்துக்கொள்ளுவோம். அது எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வரலாம். பாதரட்சைக்குச் சாயம் போட்ட பையனுக்கு வந்ததே! அந்தப் பையனுக்கு மேடை கிடைத்ததா? அவன் ஊதக் கேட்டுப் பழகினவர் உலகப் பிரசித்தியானார். அவன் இன்னானென்றுகூட உலகம் கேட்கவில்லை. இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். அறிவு எங்கே பிறக்கவில்லை என்பதல்ல கேள்வி. எங்கே பிறந்த அறிவு சாகடிக்கப்பட்டது என்பதுதான் கேள்வி.

ஆகவே தோழர்களே, உங்களை நாம் கேட்டுக்கொள்ளுவது இரண்டே காரியம். உங்கள் பிள்ளை ஒரு வாத்தியத்தையோ புஸ்தகத்தையோ ஆசைப்பட்டுத் தொட்டால், "நம் ஜாதிக்கு இதெல்லாம் வருமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை பத்து மனுதர்மத்தின் வேலையைச் செய்துவிடும். இரண்டாவது, உங்கள் தெருவில் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு நோய் வந்தால், அதைச் சாபமென்று ஒதுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

தகப்பனிடமிருந்து ஆர்லோவுக்கு ரத்தத்தில் வந்திருக்கக்கூடியது ஒரு நோய்தான். அது அவருக்கு வரவில்லை. சுண்டிய காசு அவர் பக்கம் விழுந்தது. பாட்டோ, பிறரிடம் கேட்டும், உழைத்தும், தன் காலத்து அக்கிரமத்தைக் கண்ணால் பார்த்தும் வந்தது. அந்த வழி யாருக்கும் மூடப்பட்டதல்ல. மூடியிருந்தால், மூடினவன் மனிதன். திறக்க வேண்டியவர்களும் நாமே.

நாம் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.